கையைக் கடிக்காமல் நெடுநடைக்கு மூட்டை கட்டுவது எப்படி?

முதன்முதலாகப் பல நாள் நடைக்குக் கிளம்பியபோது என் முதுகில் 17 கிலோ இருந்தது. ஒரு மடக்கு நாற்காலி, முழு ஷாம்பூ பாட்டில், 'எதற்கும் இருக்கட்டும்' என்று திணித்த இரண்டாவது ஜீன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். மூன்றாம் நாள் மாலைக்குள் இரண்டு தோளிலும் தோல் உரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் தோளை உரித்த பொருள்களும் என் பர்ஸைக் காலி செய்த பொருள்களும் பெரும்பாலும் ஒன்றேதான்.

நெடுநடைக்கான சாமான் என்றாலே பெரும் செலவு என்ற பயம் பலருக்கு உண்டு. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை, ஏறத்தாழ 3,300 கிலோமீட்டரை, ஒரே மூச்சில் தனியாக நடந்து முடித்தார். டெனிம் துணியில் தானே தைத்த தோள்பை, ராணுவக் கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை, காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு முயன்றபோது வழி தவறி, மூக்குக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாதியிலேயே திரும்பியவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. குளிரில் நனைந்த கம்பளி ஆளைக் கொல்லும். ஆனால் எதற்குக் காசு போட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க அவருடைய மூட்டை நல்ல தொடக்கம்.

முதல் படி: கடைக்குப் போகாதீர்கள், தராசை எடுங்கள்

சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து, பெயரையும் கிராமையும் ஒரு தாளிலோ போனிலோ எழுதுங்கள். கணக்கில் வர வேண்டியது 'அடிப்படை எடை'. அதாவது சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் ஆகிய தீரும் பொருள்களையும் உடலில் அணிந்திருப்பதையும் கழித்துவிட்டு மிஞ்சும் மூட்டையின் எடை. 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் இலகுவான மூட்டை என்பார்கள், 4.5 கிலோவுக்குக் கீழே என்றால் மீஇலகு. இந்த இரண்டாவது இலக்கைத் துரத்தினால் பணம் தண்ணீராகப் போகும். கடும் குளிர் இல்லாத பருவத்தில், குறைந்த செலவில் 7 கிலோவைத் தொடலாம். அதுவே நல்ல இடம்.

பட்டியல் எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடும். 180 கிராம் பற்பசை டியூபை எழுதக் கை கூசும். மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது தமிழருக்குப் புதிதல்லவே.

ஒரு சின்னக் கணக்கும் உண்டு. இலகுவான மாற்றுப் பொருளைப் பார்த்து ஆசை வந்தால், விலையில் எவ்வளவு கூடுகிறது, எடையில் எத்தனை கிராம் குறைகிறது என்று வகுத்துப் பாருங்கள். ஒரு கிராமுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும். அலுமினியப் பாத்திரம் இருக்கும்போது டைட்டானியம் பாத்திரம் வாங்குவது இந்தக் கணக்கில் அநேகமாகத் தோற்கும். மடக்கு நாற்காலியை வீட்டில் விட்டுப்போவதற்குச் செலவே இல்லை. காசில்லாமல் குறையும் கிராம்களை முதலில் குறையுங்கள்.

இரண்டாம் படி: பாதையிடம் நான்கு கேள்வி

நடக்கப்போகும் மாதத்தில் இரவில் எவ்வளவு குளிரும்? மழை எப்படி? ஒரு நீர்நிலைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம்? எத்தனை நாளுக்கு ஒருமுறை சாப்பாடு வாங்க முடியும்? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

குளிரைக் கணிக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வானிலை அறிக்கை அடிவார ஊருக்கானது. நீங்கள் தூங்கப்போவது மேலே. 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் இரவு 10 டிகிரி என்றால் 1,500 மீட்டர் மேலே உறைநிலையை ஒட்டி இருக்கும். இதைத் தெரியாமல் மெல்லிய போர்வையோடு போய், கிடைத்த துணியையெல்லாம் மாட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த இரவு எனக்கும் உண்டு.

மூன்றாம் படி: எதை முதலில் வாங்குவது

பெரும்பாலோர் முதலில் வாங்குவது பையை. கடையில் கம்பீரமாகத் தொங்குவது அதுதானே. 70 லிட்டர் பை வாங்கினால் 70 லிட்டருக்கும் பொருள் சேரும். காலி இடத்தைப் பார்த்தால் மனசு பொறுக்காது. பையைக் கடைசியில் வாங்குங்கள்.

பணத்தை இந்த வரிசையில் ஒதுக்குவதுதான் என் வழக்கம்: ஷூ, தூக்கம், மழை, அப்புறம் பை. மற்றதெல்லாம் வீட்டு அலமாரியிலிருந்தோ, நண்பர்களிடம் இரவல் வாங்கியோ, பழைய பொருள் விற்கும் இடங்களிலிருந்தோ வரட்டும். காரணம் எளிது. கால் போனால் நடை முடிந்தது. இரவில் குளிரும் நனைதலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்பூன் உடைந்தால் கையால் சாப்பிடலாம்.

நான்காம் படி: தூக்கம்

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்லீப்பிங் பேக்கின் மேல் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பைகளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு வெப்பநிலைகள் தனித்தனியாக இருக்கும். லிமிட் என்பது சுருண்டு படுத்து எப்படியோ இரவை ஓட்டிவிடும் அளவு. நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது அநேகமாக லிமிட் எண்தான்.

உள்ளே அடைத்திருப்பது இரண்டு வகை. டவுன் எனப்படும் வாத்தின் மென்தூவி இலகு, சின்னதாகச் சுருங்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டு உழைக்கும். ஆனால் விலை அதிகம், நனைந்தால் படிந்துபோய் உதவாது. செயற்கை இழை கனம், இடத்தை அடைக்கும். விலை குறைவு, ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். மழை அதிகம், குளிர் குறைவு என்றால் செயற்கை இழையே போதும். உறைநிலைக்குப் பக்கத்தில் பல வாரம் தூங்கப்போகிறீர்கள் என்றால், பட்டியலில் நான் தாராளமாகச் செலவு செய்யும் ஒரே பொருள் டவுன். அதிலும் 800, 850 ஃபில் பவர் (டவுன் எவ்வளவு உப்பும் என்பதைக் காட்டும் எண்) என்று மேலே போகாமல் 600, 650-இல் நின்றால் கொஞ்சம் எடை கூடும், விலை நன்றாகக் குறையும்.

குவில்ட் என்ற வகையையும் பார்க்கலாம். முதுகுக்குக் கீழே நசுங்கிய பஞ்சு சூடு தருவதில்லை என்பதால் அந்தப் பகுதியையே வெட்டிவிட்டுப் போர்வைபோலத் தைத்தது. துணியும் பஞ்சும் குறைவதால் விலையும் எடையும் குறையும். தையல் தெரிந்தவர்கள் செயற்கைப் பஞ்சு வைத்து வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். நேர்க்கோட்டுத் தையல்தான் பெரும்பாலும். தூக்கத்தில் புரளுபவர்களுக்குப் பக்கவாட்டில் காற்று புகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சு நசுங்கினால் பயனில்லை என்பதால் தரையின் குளிரைத் தடுப்பது பாயின் வேலை. பாயின் தடுப்புத்திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிப்பார்கள். மடக்கும் ஃபோம் பாய் ஏறத்தாழ 2 ஆர், 400 கிராம். விலை மலிவு, ஓட்டை விழும் பயமில்லை, பகலில் கண்ட இடத்தில் விரித்து உட்காரலாம். காற்றடைக்கும் பாய் மெத்தென்று இருக்கும், குளிரையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒரு முள் போதும். ஆர் மதிப்புகளை அப்படியே கூட்டலாம் என்பது சிக்கனக்காரர்களுக்கு நல்ல செய்தி. தரை குளிர ஆரம்பித்தால் புதிய விலையுயர்ந்த பாய் வாங்காமல், 2 ஆர் பாயின் மேல் இன்னொரு மெல்லிய ஃபோம் பாயைப் போட்டுக்கொள்ளலாம். மலிவான ஸ்லீப்பிங் பேக், நல்ல பாய் என்ற ஜோடி, உயர்தர ஸ்லீப்பிங் பேக், மோசமான பாய் என்ற ஜோடியைவிடச் சூடாக வைத்திருக்கும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் வேலை இங்கேதான் அதிகம் நடக்கிறது.

ஐந்தாம் படி: தலைக்கு மேல் கூரை

மிகக் குறைந்த செலவில் முடிக்க வேண்டுமென்றால் தார்ப்பாய். 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் அளவு ஒருவருக்குத் தாராளம். கூடாரத்துக்கென்று தனிக் கம்பி வேண்டாம். நடக்கும்போது ஊன்றும் ட்ரெக்கிங் கோலே தூணாகிவிடும். கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் வசதியான ஒரு சறுக்கு முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், அது போதும். கொசு, உண்ணி உள்ள பகுதி என்றால் உள்ளே ஒரு வலை தொங்கவிட வேண்டும்.

காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் வெட்டவெளியில் தார்ப்பாயைக் கட்டக் கொஞ்சம் அனுபவம் வேண்டும். அது இல்லாதவர்கள் ட்ரெக்கிங் கோலில் நிற்கும், ஒரே அடுக்குத் துணியாலான ஒற்றைச் சுவர்க் கூடாரத்தைப் பார்க்கலாம். ஒற்றைச் சுவரில் நம் மூச்சே உள்பக்கம் நீர்த்துளியாகப் படியும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள், நான் போயிருக்கிறேன். காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு சின்னத் துணியால் காலையில் துடைத்தால் தீர்ந்தது.

துணி நைலானா பாலியெஸ்டரா என்று கேளுங்கள். நைலான் நனைந்தால் தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. சிலிக்கான் பூசிய விலை குறைந்த கூடாரங்களில் தையலோரம் அடைக்காமலே வரும். சிலிக்கான் பசையைப் பிரஷால் தடவி ஒரு நாள் காயவிட்டால் சரி.

கூடாரத்துக்கு அடியில் விரிக்க அதற்கென்றே விற்கும் தரைவிரிப்பு வேண்டாம். கட்டட வேலையில் சுவருக்குப் போர்த்தும் டைவெக் தாள் மிச்சம் கிடைத்தால் வெட்டிக்கொள்ளுங்கள். மொடமொடவென்று சத்தம் போடும். சோப்பு போடாமல் ஒருமுறை வாஷிங் மெஷினில் சுற்றினால் மெத்தென்றாகிவிடும்.

ஆறாம் படி: காலும் உடம்பும்

கணுக்கால் உயர பூட்ஸ் கட்டாயம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பாதை இருக்கும் இடத்தில், பனி இல்லாத பருவத்தில், காட்டுப்பாதையில் ஓடுவதற்கான ட்ரெயில் ரன்னர் ஷூ போதும். இலகு, சீக்கிரம் காயும். ஆயுள் குறைவுதான்; 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி தட்டையாகிவிடும். ஆகவே நீண்ட பாதை என்றால் ஒரு ஜோடியின் விலையை மட்டும் பார்க்காமல் மொத்தத் தூரத்தை 600-ஆல் வகுத்து அத்தனை ஜோடிக்குப் பணம் ஒதுக்குங்கள். பட்ஜெட் போடுபவர்கள் மறக்கும் முதல் செலவு இதுதான். பல நாள் நடையில் பாதம் வீங்கும். வழக்கமான அளவைவிட அரை அளவு, சிலருக்கு ஒரு அளவு கூடுதலாக எடுங்கள். மாலையில், நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்ப்பது நல்லது.

உடையில் பருத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் காயாது, குளிரில் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். வீட்டில் கிடக்கும் விளையாட்டு டீஷர்ட் பாலியெஸ்டர்தான். அதுவே நடைக்கான சட்டை. அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைக் குளிர்ச்சட்டை), ஒரு மழைச்சட்டை, குளிர் அதிகமென்றால் பஞ்சடைத்த ஜாக்கெட். தூங்குவதற்கென்று ஒரு செட் எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும். சாக்ஸ் மூன்று ஜோடி, கம்பளி கலந்தது. இதில் மட்டும் மலிவைத் தேட வேண்டாம்.

விலையுயர்ந்த சுவாசிக்கும் மழைச்சட்டையின் மேல்பூச்சு தேய்ந்தவுடன் துணி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பிறகு அது சுவாசிப்பதில்லை, உள்ளே வியர்வையால் நனைவோம். அதனால் எளிய பிளாஸ்டிக் கோட்டிலிருந்து அது நெடுநாள் ஓட்டத்தில் ரொம்ப தூரத்தில் இல்லை. முதுகுப்பையையும் சேர்த்து மூடும் பொன்சோ இன்னும் மலிவு, காற்றோட்டமும் உண்டு. பலத்த காற்றில் மட்டும் பட்டம்போலப் பறக்கும்.

ஏழாம் படி: சமையலும் தண்ணீரும்

அடுப்பே இல்லாமலும் போகலாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அவல், ஓட்ஸ் போன்றவற்றைத் தண்ணீரில் போட்டு நடந்தால் ஓரிரு மணியில் ஊறிவிடும். அடுப்பு, பாத்திரம், எரிபொருள் மூன்றும் மிச்சம். கோடையில் எனக்கு இது பிடிக்கும். குளிர்ந்த மழை மாலையில் அந்தக் கூழை விழுங்கும்போது என்னையே திட்டிக்கொள்வேன்.

சூடு வேண்டுமென்றால் அலுமினிய டின்னில் துளையிட்டுச் செய்யும் ஸ்பிரிட் அடுப்பு. செலவு இல்லை, எடை 10 கிராம் அளவுதான். அரை லிட்டர் கொதிக்க 20 மில்லி ஸ்பிரிட் பிடிக்கும், காற்று அடித்தால் கூடும், நேரமும் ஆகும். ஒரு எச்சரிக்கை: காட்டுத்தீ அபாயக் காலத்தில் பல பகுதிகளில் இதைத் தடை செய்வார்கள், திருகி மூடும் வால்வு உள்ள கேஸ் அடுப்பை மட்டும் அனுமதிப்பார்கள். சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது என்பதால் கவனம். நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் கொதிக்கவைப்பீர்கள், ஊர்களுக்கு இடையே நாள் அதிகம் என்றால் கேஸ்தான் கணக்கில் வெல்லும். ஒரே எடைக்கு ஸ்பிரிட்டைவிட அதிகச் சூடு தரும். குளிரில் கேஸ் டின் மந்தமாகும். பியூட்டேன் உறைநிலைக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுக்கும், ஐசோபியூட்டேன் –12 டிகிரி வரை தாங்கும். டின்னில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். விமானத்தில் கேஸ் டின்னைக் கொண்டுபோக முடியாது.

தண்ணீர்க்குப்பியாக ஒரு லிட்டர் பெட் பாட்டில். எடை 40 கிராமுக்குள். கெட்டி பாட்டில் அதைப்போல நான்கைந்து மடங்கு கனக்கும். பெட் பாட்டிலின் வாயில் நேரடியாகத் திருகிக்கொள்ளும் நுண்குழல் ஃபில்டர்கள் 0.1 மைக்ரான் வரை தடுக்கும்; பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் நிற்கும், வைரஸ் நிற்காது. வைரஸ் சந்தேகம் உள்ள இடத்தில் குளோரின் டைஆக்சைடு மாத்திரை போடுங்கள், அல்லது கொதிக்கவையுங்கள். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். ஒருமுறை நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளே குழல் வெடித்திருக்கலாம், வெளியே தெரியாது. குளிர் இரவில் அதைப் பையில் போட்டு உங்களோடு படுக்கவையுங்கள். பழைய ஃபில்டரை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

எட்டாம் படி: இப்போது பை

சேர்த்ததையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பாருங்கள். நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இலகுவாகக் கட்டியவர்களுக்கு 45 முதல் 55 லிட்டருக்குள் அடங்கும்.

பையின் அளவைவிட முக்கியம் முதுகின் அளவு. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரே உள்ள இடம் வரை அளந்தால் வருவதே உங்கள் முதுகு நீளம். அதற்குப் பொருந்தும் பையில் எடையின் பெரும்பகுதி இடுப்புப் பட்டையில் இறங்கும். என் தோள் உரிந்ததற்குப் பாதிக் காரணம் 17 கிலோ, மீதிப் பாதி முதுகு நீளம் பொருந்தாத பை.

மழைக்கு வெளியுறை வாங்காமல் உள்ளே தடித்த பெரிய குப்பைப் பை ஒன்றைப் போட்டு அதற்குள் அடுக்குங்கள். வெளியுறை முதுகுப்பக்கம் நீரைத் தடுக்காது, உள்ளுறை தடுக்கும்.

சில்லறைச் சாமான்

தலைவிளக்கு, போன், 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க். அது 200 கிராம் வரும், சாதாரண போனை ஒன்றரை முறை நிரப்பும். வரைபடத்தை முன்பே தரவிறக்கிவிட்டு, போனைப் பறக்கும் பயன்முறையில் (ஏரோபிளேன் மோட்) வைத்துக்கொண்டால் நாலைந்து நாள் ஓடும். மருந்துப் பெட்டி கடையில் கட்டிய செட்டாக வேண்டாம். கொப்புளத்துக்கு டேப், வலி மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் பொடி, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, அவ்வளவுதான். ஒரு விசில், ஊசி நூல், குழி தோண்டச் சின்னக் கரண்டி. தலையணைக்கு, மாற்றுத்துணியை உறையில் திணித்தால் ஆயிற்று.

பழையது வாங்கும்போது

டவுன் பையை உதறி விரித்து அரைமணி விட்டால் உப்பி எழ வேண்டும். கட்டிகட்டியாக நின்றாலோ புளித்த வாடை வந்தாலோ விடுங்கள். கூடாரத்தை விரித்து உள்பூச்சைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால், வாந்தி வாடை அடித்தால், பூச்சு சிதைந்துவிட்டது. திரும்பச் சரிசெய்ய முடியாது. பல ஆண்டு அலமாரியில் தூங்கிய பூட்ஸ் பார்க்கப் புதிதாக இருக்கும், நடந்த இரண்டாம் நாள் அடிப்பகுதி பொடிப்பொடியாக உதிரும். மற்றபடி ட்ரெக்கிங் கோல், பாத்திரம், ஃப்ளீஸ், பை எல்லாம் கவலையில்லாமல் பழையதாக வாங்கலாம்.

கடைசியாக ஒரு ஒத்திகை

பட்டியல் முடிந்ததும் மழை பெய்யும் ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுத்து, முழு மூட்டையோடு ஓரிரவு வெளியே தூங்குங்கள். வீட்டுக்கு நடந்தே திரும்பிவிடும் தூரத்தில் இருக்கட்டும். ஷூவும் மழைச்சட்டையும் போட்டு நாலு மணி நேரம் நடந்து, இருட்டில் கூடாரம் கட்டி, ஈரக் கையோடு அடுப்புப் பற்றவைத்துப் பாருங்கள். திரும்பியதும் சாமானை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் தொட்டது, ஒருமுறை தொட்டது, தொடாதது. மூன்றாம் குவியலில் மருந்து, மழைச்சட்டை, விசில் ஆகியவற்றைத் திரும்ப எடுத்துவையுங்கள். மீதி அங்கேயே இருக்கட்டும். என் மடக்கு நாற்காலி இப்போது மாடியில் துணி காயப்போட உதவுகிறது.